டி செல்கள் ஹெர்பீஸ் வைரஸை ஏன் முழுதாக ஒழிப்பதில்லை?

நீங்கள் கேட்டது இது: வருடத்துக்கு நான்கைந்து முறை உதட்டோரத்தில் கொப்புளம் வருகிறது, ரத்தப் பரிசோதனையில் ஹெர்பீஸ் ஐஜிஜி (அந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி) பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. வைரஸ் புகுந்த செல்களை நோயெதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள் தேடிக் கொல்லும் என்று படித்திருக்கிறீர்கள். அப்படியென்றால் என் டி செல்கள் ஏன் இதை முடித்துக்கட்டவில்லை, அவை பலவீனமாக இருக்கின்றனவா, டி செல் எண்ணிக்கையைப் பார்க்கும் சோதனை எடுக்கட்டுமா, டி செல்லைக் கூட்ட என்ன சாப்பிடலாம் என்று கேட்கிறீர்கள். நான்கு கேள்விகள் போலத் தெரிந்தாலும், உங்கள் உடம்பு தோற்றுவிட்டதா என்பதுதான் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது என்று நினைக்கிறேன். தோற்கவில்லை. டி செல்கள் தோலில் வைரஸ் புகுந்த செல்களைக் கொல்கின்றன. நரம்பில் கொல்லாமல் அடக்கி வைக்கின்றன. அந்த இரண்டாவது வேலையைத் தோல்வி என்று எடுத்துக்கொள்வதால்தான் குழப்பம். நான் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர் இல்லை. ஹெர்பீஸ் தொற்றிய நரம்புத் திசுவில் டி செல்கள் என்ன செய்கின்றன என்று ஆய்வகத்தில் பல வருடங்கள் பார்த்தவன். ஆகவே செல்லையும் வைரஸையும் பற்றி என்னால் தைரியமாகப் பேச முடியும். உங்கள் உதட்டை நேரில் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான்.

முதலில் வைரஸ் எங்கே குடியிருக்கிறது என்று பார்த்துவிடுவோம். உதட்டுத் தோலில் நுழையும் ஹெர்பீஸ் சிம்ப்ளக்ஸ் வைரஸ் அங்கே பெருகும்போதே, அந்த இடத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பின் நுனிக்குள்ளும் ஏறிவிடுகிறது. நரம்பு இழைக்குள் பொருள்கள் போய்வரும் பாதை ஒன்று உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு நரம்பு செல்லின் உடல் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. முகத்துக்கு உணர்ச்சி தரும் முக்கிளை நரம்பின் செல் உடல்கள் மண்டை ஓட்டுக்குள் ஒரு நரம்பு முடிச்சில் கூடியிருக்கின்றன. அதுதான் இந்த வைரஸின் நிரந்தர இருப்பிடம். 1929-இல் எர்னஸ்ட் குட்பாஸ்டர் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எழுதினார். 1971-இல் ஜாக் ஸ்டீவன்ஸும் மார்ஜரி குக்கும் தொற்று ஆறிப்போன எலிகளின் நரம்பு முடிச்சை எடுத்து வளர்த்து, உறங்கிக் கிடந்த வைரஸ் எழுந்து வருவதைக் காட்டினார்கள். உறங்கும் காலத்தில் வைரஸின் டிஎன்ஏ நரம்பு செல்லின் உட்கருவுக்குள் ஒரு வளையமாகக் கிடக்கும். சுமார் 80 மரபணுக்களில் ஏறக்குறைய எல்லாம் மூடிக் கிடக்கும். ஒரே ஒரு பகுதியிலிருந்து மட்டும் ஆர்என்ஏ நிறைய உருவாகும், அதிலிருந்தும் வழக்கமான வைரஸ் புரதம் எதுவும் வருவதில்லை.

இது ஏன் முக்கியம் என்றால், டி செல் வைரஸை நேரடியாகப் பார்ப்பதே இல்லை. நம் உடம்பின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லும் தனக்குள் உருவாகும் புரதங்களைச் சிறு துண்டுகளாக நறுக்கி, எம்எச்சி என்ற ஏந்தியில் வைத்து வெளிப்பரப்பில் காட்டிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு துண்டும் எட்டு முதல் பத்து அமினோ அமிலம் நீளம்தான். அந்தத் துண்டையும் ஏந்தியையும் சேர்த்துப் பார்த்துத்தான் கொல்லி வகையான சிடி8 டி செல், உள்ளே அந்நியன் இருக்கிறானா என்று முடிவு செய்கிறது. இதை 1970-களில் கான்பெராவில் பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் சிங்கர்நாகெலும் கண்டுபிடித்தார்கள், 1996-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்படியானால் புரதமே செய்யாத வைரஸை டி செல் எப்படிக் கண்டுபிடிக்கும்? முடியாது. முழு உறக்கத்தில் இருக்கும் ஹெர்பீஸ் டிஎன்ஏ உலகத்திலேயே மிகக் கூர்மையான டி செல்லின் கண்ணுக்கும் தெரியாது. உங்கள் முதல் கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

சரி, வைரஸ் உறங்கப் போவதற்கு முன்பே பிடித்திருக்கலாமே என்று தோன்றும். அங்கே நேரம்தான் இடிக்கிறது. ஹெர்பீஸ் புரதத்தின் ஒரு குறிப்பிட்ட துண்டை அடையாளம் காணக்கூடிய டி செல்கள் தொற்றுக்கு முன் மிகமிகச் சொற்பம். லட்சத்தில் ஒன்று, சிலசமயம் பத்து லட்சத்தில் ஒன்று. தோலில் வைரஸ் இறங்கியதும் அங்கே காவல் பார்க்கும் டென்ட்ரைட்டிக் செல்கள் அதன் புரதங்களை எடுத்துக்கொண்டு பக்கத்து நிணநீர்க்கணுவுக்குப் போக வேண்டும். அங்கே அந்த அரிதான டி செல் வந்து பொருந்த வேண்டும். பிறகு அது இரண்டாகி, நான்காகி, திரும்பத் திரும்பப் பிரிந்து படையாக வேண்டும். அப்புறம்தான் ரத்தத்தில் இறங்கித் தொற்று நடக்கும் இடத்துக்கு வரும். எலியில் இதற்கு ஐந்து நாட்களாவது ஆகும், ஏழெட்டு நாட்களில்தான் உச்சம். வைரஸோ இரண்டே நாட்களில் நரம்பு முடிச்சில் இருக்கிறது. முதல் தொற்றில் இந்த ஓட்டத்தில் வைரஸ்தான் முந்துகிறது. எவ்வளவு ஆரோக்கியமானவராக இருந்தாலும் இதே கதைதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்குப் பெரும்பாலும் உதட்டில் வரும் முதல் வகை ஹெர்பீஸ் இருக்கிறது. அத்தனை பேருக்கும் நோயெதிர்ப்பு பழுது என்று சொல்ல முடியாதல்லவா?

பிந்தி வந்தாலும் டி செல்கள் வந்தபிறகு தோலில் நடப்பது பார்க்க வேண்டிய ஒன்று. வைரஸிடம் ஐசிபி47 என்று ஒரு புரதம் இருக்கிறது. மொத்தமே 88 அமினோ அமிலங்கள், புரதங்களின் கணக்கில் மிகச் சிறியது. நறுக்கிய துண்டுகளை எம்எச்சியில் ஏற்றுவதற்கு உள்ளே கடத்தும் ஒரு குழாய் செல்லில் உண்டு. ஐசிபி47 நேராகப் போய் அந்தக் குழாயின் வாயில் அடைத்துக்கொள்கிறது. துண்டுகள் ஏறாது, எம்எச்சி வெறுமையாகிக் குறையும், சிடி8 செல் வந்து நின்றாலும் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. இதை 1995-இல் கண்டுபிடித்தார்கள். அப்படியென்றால் மனிதத் தோலில் புண் எப்படித்தான் ஆறுகிறது? புண்ணின் விளிம்பிலிருந்து நாளுக்கு நாள் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தவர்கள் விடை சொன்னார்கள். முதலில் வந்து குவிவது சிடி4 டி செல்களும் இயற்கைக் கொல்லி செல்களும். இவை இன்டர்ஃபெரான் காமாவைக் கொட்டுகின்றன. அந்தச் சமிக்ஞை பட்டதும் தோல் செல்கள் எம்எச்சியை மிக அதிகமாகச் செய்யத் தொடங்குகின்றன, குழாயையும் கூடுதலாகச் செய்கின்றன. அடைப்பு போதாமல் போகிறது. துண்டுகள் மறுபடி வெளியே தெரிகின்றன. அதற்குப் பிறகு வரும் சிடி8 செல்களால் இப்போது பார்க்க முடிகிறது, கொல்ல முடிகிறது. புண்ணிலிருந்து வைரஸ் மறையும் நேரமும், ஹெர்பீஸை அடையாளம் காணும் கொல்லி டி செல்கள் அங்கே நிறையும் நேரமும் பொருந்தி வருவதை 1990-களின் இறுதியில் மனிதர்களிலேயே காட்டினார்கள். பாடப்புத்தகத்தில் சிடி4 உதவி செல், சிடி8 கொல்லி செல் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். உதவி என்றால் என்ன என்று எனக்கு உண்மையில் புரிந்தது இந்தப் புண்ணைப் பற்றிப் படித்தபோதுதான்.

இப்போது நரம்பு முடிச்சுக்கு வருவோம். தொற்று ஆறி ஒரு மாதமான எலியின் முக்கிளை நரம்பு முடிச்சை மெல்லிய சீவலாக வெட்டி, சிடி8 செல்கள் மட்டும் ஒளிரும்படி நிறமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், பெரிய பெரிய வட்டமாக நரம்பு செல்கள் தெரியும். பெரும்பாலானவற்றின் பக்கத்தில் ஒன்றும் இருக்காது. சீவலை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனால் திடீரென்று ஒரு நரம்பு செல்லைச் சுற்றி ஐந்தாறு சிறிய டி செல்கள் ஒட்டி நிற்கும், நெருக்கியடித்துக்கொண்டு. நான் முதன்முதலில் பார்த்தபோது அந்த நரம்பு செல் செத்துக்கொண்டிருக்கிறது என்றே நினைத்தேன். உட்கரு ஒழுங்காக இருந்தது, செல் சவ்வு முழுதாக இருந்தது. பக்கத்து முடிச்சு, அதற்கடுத்த எலி என்று பார்த்துக்கொண்டே போனேன். எல்லாவற்றிலும் அப்படித்தான். காவல் சூழ்ந்து நிற்கிறது, உள்ளே இருப்பவர் உயிரோடு இருக்கிறார்.

இது என்ன காவல் என்பதைப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹென்ட்ரிக்ஸின் குழு பல ஆண்டுகள் துருவித் துருவி ஆராய்ந்தது. 2000-இல் அவர்கள் காட்டியது: நரம்பு முடிச்சைப் பிரித்துத் தட்டில் வளர்த்தால், கூடவே இருக்கும் சிடி8 செல்களை நீக்கிவிட்ட தட்டுகளில் வைரஸ் எழுகிறது, சிடி8 செல்கள் இருக்கும் தட்டுகளில் அடங்கிக் கிடக்கிறது. நரம்பு செல்களோ சாகவில்லை. 2008-இல் அதற்கான காரணங்களில் ஒன்று கிடைத்தது. கொல்லி டி செல் தன் இரையைக் கொல்லப் பயன்படுத்தும் நொதிகளில் கிரான்சைம் பி முக்கியமானது. அதே நொதியை டி செல் நரம்பு செல்லுக்குள்ளும் செலுத்துகிறது. ஆனால் அங்கே அது வைரஸின் ஐசிபி4 என்ற புரதத்தை வெட்டுகிறது. ஐசிபி4 இல்லாமல் வைரஸின் அடுத்தகட்ட மரபணுக்கள் திறக்காது. அதாவது வைரஸ் கண் விழித்து முதல் வேலையைத் தொடங்கும் அந்த நொடியிலேயே அதன் கருவி பறிபோகிறது, வீட்டுக்குச் சேதமில்லை. இதோடு இன்டர்ஃபெரான் காமாவும் சேர்ந்து வேலை செய்கிறது. தோல் செல் செத்தால் கீழிருந்து புதிது வரும், நரம்பு செல் செத்தால் வராது. டி செல்கள் நரம்பு முடிச்சில் தோலில் செய்வதுபோல் கொன்று தீர்த்திருந்தால் வைரஸ் கொஞ்சம் குறைந்திருக்கும், முகத்தில் உணர்ச்சியும் போயிருக்கும்.

இதுவரை சொன்னவற்றில் எதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்ல வேண்டும். நரம்பு முடிச்சின் காவல் பற்றிய சோதனைகள் பெரும்பாலும் எலியில் நடந்தவை. எலி இந்த வைரஸின் இயல்பான வீடு அல்ல. எலியில் ஒருமுறை உறங்கிய வைரஸ் தானாக எழுவது மிக அரிது, மனிதர்களில் அடிக்கடி எழுகிறது. நான் மேலே வர்ணித்த ஐசிபி47 எலியின் குழாயை ஒழுங்காக அடைப்பதில்லை, ஆகவே எலியின் சிடி8 செல்களுக்கு வேலை சுலபம். மனிதர்களிடம் நமக்கு இருக்கும் சான்று இறந்தவர்களின் நரம்பு முடிச்சுகள்தான். அவற்றில் ஹெர்பீஸை அடையாளம் காணும் டி செல்கள் தங்கியிருப்பதும், வைரஸ் உள்ள நரம்பு செல்களை ஒட்டி அவை குவிந்திருப்பதும் 2000-களில் வேறு வேறு குழுக்கள் பார்த்தவை. ஆகவே காவல் நிற்கிறது என்பது மனிதர்களிலும் உறுதி. அந்தக் காவல் எலியில் செய்யும் அதே வேலையை அதே முறையில் செய்கிறது என்பது வலுவான ஊகம். இன்னொரு புதிரும் உண்டு. வைரஸ் புரதமே செய்யவில்லை என்றால் எதைப் பார்த்து டி செல்கள் அங்கே கூடின? உறக்கம் முழு உறக்கம் அல்ல, அவ்வப்போது சில செல்களில் வைரஸ் புரதம் கொஞ்சம் கசிகிறது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. கசிவு எவ்வளவு, எத்தனை நாளுக்கொருமுறை என்பது விவாதத்தில் இருக்கிறது. மனஅழுத்தம் பற்றியும் பலர் கேட்பார்கள். எலிகளை நெடுநேரம் குறுகிய இடத்தில் அடைத்து அழுத்தத்துக்கு ஆளாக்கினால் நரம்பு முடிச்சில் சிடி8 செல்கள் குறைகின்றன, வைரஸ் எழ வாய்ப்பு கூடுகிறது. அதை அப்படியே ஒருவரின் தேர்வுக்கால உதட்டுப் புண்ணுக்குப் பொருத்துவது கொஞ்சம் தாவல்தான்.

நரம்பில் நடக்கும் காவல் தப்பினால் வைரஸ் இழை வழியாகத் தோலுக்கு இறங்குகிறது. அங்கே இரண்டாவது காவல் காத்திருக்கிறது. பதினைந்து இருபது வருடங்களுக்கு முன்பு வரை, ஒருமுறை சந்தித்த கிருமியை நினைவில் வைத்திருக்கும் நினைவு டி செல்கள் ரத்தத்திலும் நிணநீரிலும் சுற்றிக்கொண்டிருக்கும், தேவைப்பட்டால் வரும் என்றுதான் நினைத்திருந்தோம். 2007-இல் சியாட்டில் குழு, பெரும்பாலும் பிறப்புறுப்பில் வரும் இரண்டாம் வகை ஹெர்பீஸ் உள்ளவர்களின் ஆறிய தோலில் பார்த்தபோது, புண் மறைந்து பல வாரங்கள் ஆன பிறகும் சிடி8 செல்கள் மேல்தோலும் உள்தோலும் சேரும் கோட்டில், நரம்பு நுனிகளுக்குப் பக்கத்தில், அப்படியே நின்றுகொண்டிருந்தன. வைரஸ் வெளியே வரும் வாசலிலேயே. 2009-இல் மெல்போர்னில் எலிகளில், இப்படித் திசுவிலேயே தங்கிவிடும் நினைவு டி செல்கள் ரத்தத்துக்குத் திரும்பாமல் அந்த இடத்தை மட்டும் காக்கின்றன என்று காட்டினார்கள். ஒரு பக்கத் தோலில் தொற்று வந்து ஆறியிருந்தால் அந்த இடத்தில் பாதுகாப்பு பலமாக இருக்கும், மறுபக்கத்தில் அவ்வளவு இருக்காது.

உங்கள் நான்கைந்து புண்களுக்கு இது நேரடியாகத் தொடர்புள்ளது. ஒரு நாளில் பலமுறை துடைத்தெடுத்துப் பரிசோதித்தவர்கள், வைரஸ் தோலுக்கு வருவது நாம் நினைத்ததைவிட மிக அடிக்கடி என்று கண்டார்கள். அந்த வருகைகளில் பல 12 மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகின்றன, கொப்புளமும் வருவதில்லை, ஆளுக்கும் தெரிவதில்லை. அதாவது நீங்கள் எண்ணும் நான்கைந்து, டி செல்கள் கொஞ்சம் பிந்திய முறைகள். அவை முந்திக்கொண்ட முறைகளை யாரும் எண்ணுவதில்லை. தோலில் தங்கியிருக்கும் டி செல்கள் எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருப்பதும் இல்லை. ஓரிடத்தில் அடர்ந்தும் சில மில்லிமீட்டர் தள்ளி மெலிந்தும் இருக்கும். மெலிந்த இடத்தில் வைரஸ் இறங்கினால் புண், அடர்ந்த இடத்தில் இறங்கினால் ஒன்றுமில்லை. ஏன் சிலருக்கு வருடம் முழுக்க ஒன்றுமில்லை, சிலருக்கு அடிக்கடி வருகிறது என்பதில் இந்த அடர்த்தி ஒரு பங்கு வகிக்கிறது என்று நம்புகிறேன். முதல் தொற்றின்போது எத்தனை நரம்பு செல்களுக்குள் வைரஸ் குடியேறியது என்பதும் ஒரு பங்கு, மரபணு வேறுபாடும் இருக்கலாம். எது எத்தனை சதவீதம் என்று பிரித்துச் சொல்லும் அளவுக்குத் தரவு வந்துவிடவில்லை.

டி செல்களே இதில் மையம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் ஹெர்பீஸ் குடும்பத்தின் மற்ற உறுப்பினர்களிடமும் இருக்கிறது. சின்னம்மை வைரஸும் இதே குடும்பம்தான். சிறுவயதில் சின்னம்மை வந்து ஆறியபின் நரம்பு முடிச்சில் தங்கி, வயதான பிறகு அக்கியாக எழும். வயதானவர்களின் ரத்தத்தில் அந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். குறைவது டி செல் எதிர்வினை, அது குறையக் குறைய அக்கி கூடுகிறது. இப்போது பயன்படும் அக்கித் தடுப்பூசி வைரஸின் ஒரே ஒரு புரதத்தையும், சிடி4 செல்களை வலுவாகத் தூண்டும் துணைப்பொருளையும் கொண்டது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய சோதனையில் 97 சதவீதம் அக்கியைத் தடுத்தது. பழைய உயிர்த் தடுப்பூசி 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் பாதிப் பேரளவுக்குத்தான் தடுத்தது. இந்த ஊசி உங்கள் உதட்டு ஹெர்பீஸுக்கு வேலை செய்யாது, அது வேறு வைரஸ். இதே குடும்பத்தைச் சேர்ந்த சைட்டோமெகலோ வைரஸ் உள்ள ஒருவரின் நினைவு டி செல்களில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு அந்த ஒரு வைரஸைக் கவனிப்பதற்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பெற்றவர்களுக்கு டி செல் இல்லாத மாதங்களில் அதே வைரஸ் உயிருக்கு ஆபத்தாகும். 1990-களின் தொடக்கத்தில் சியாட்டிலில் கொடையாளியின் டி செல்களை வளர்த்து அவர்களுக்கு ஏற்றியபோது அந்தப் பாதுகாப்பு திரும்ப வந்தது. மறுபக்கம், பிறவியிலேயே ஆன்டிபாடி செய்ய முடியாதவர்கள் ஹெர்பீஸ் குடும்ப வைரஸ்களைப் பெரும்பாலும் சமாளித்துக்கொள்கிறார்கள்.

ஆனால் டி செல் மட்டும்தான் எல்லாம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹெர்பீஸ் மூளைக்காய்ச்சல் மிக அரிதான, மிகக் கொடிய நோய். அது குழந்தைகளுக்கு வருவதன் காரணங்களில் சிலவற்றை 2006, 2007 ஆண்டுகளில் பாரிஸில் ஜான் லாரன்ட் காசனோவாவின் குழு கண்டுபிடித்தது. அந்தக் குழந்தைகளின் டி செல்கள் சரியாகவே இருந்தன. டிஎல்ஆர்3 என்ற உணர்வியோ அதோடு சேர்ந்த பாதையோ பழுதாகி, மூளைச் செல்கள் தாங்களாகவே தற்காப்பு இன்டர்ஃபெரானைச் செய்ய முடியாமல் போனதுதான் கோளாறு. பிறக்கும் குழந்தைக்கோ தாயின் ஆன்டிபாடி பெரிய துணை. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் தாய்க்கு முதல்முறையாகத் தொற்று வந்தால் குழந்தைக்கு ஆபத்து அதிகம், பழைய தொற்று என்றால் மிகக் குறைவு. தடுப்பூசி வரலாறும் என் பக்கத்தை முழுதாக ஆதரிப்பதில்லை. 8,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஒரு ஹெர்பீஸ் புரதத்தை வைத்துச் செய்த தடுப்பூசியின் முடிவு 2012-இல் வந்தது. இரண்டாம் வகையைத் தடுக்கவில்லை, முதல் வகையால் வரும் பிறப்புறுப்பு நோயை 58 சதவீதம் குறைத்தது. அந்த ஊசி சிடி8 செல்களை எழுப்பவில்லை, அதனால்தான் தோற்றது என்று எங்களில் பலர் சொன்னோம். பிறகு வந்த அலசலில், முதல் வகைக்கு எதிராகக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு ஆன்டிபாடி அளவோடுதான் பொருந்தியது, சிடி4 எதிர்வினையோடு பொருந்தவில்லை. ஆக, புதிதாக நுழையும் வைரஸைத் தடுப்பதில் ஆன்டிபாடிக்குப் பெரிய பங்கு இருக்கலாம், குடியேறிவிட்ட வைரஸை அடக்குவது டி செல்லின் வேலை. இன்றைக்கு இருக்கும் சான்றை வைத்து இப்படிப் பிரித்துக்கொள்வதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

"டி செல்லைக் கூட்ட என்ன சாப்பிடலாம்" என்று நீங்கள் கடைசியில் கேட்டிருந்தீர்கள். கூடினால் நல்லது என்ற எண்ணத்தையே முதலில் விட வேண்டும். கண்ணின் கருவிழியில் ஹெர்பீஸ் திரும்பத் திரும்ப வரும்போது பார்வையை மங்கச் செய்வது பெரும்பாலும் வைரஸ் மட்டும் இல்லை, அதைத் துரத்தி வந்த டி செல்களும் அவை கூப்பிட்டு வரும் அழற்சியும்தான். கண்ணாடி போல் தெளிவாக இருக்க வேண்டிய திசுவில் அந்தச் சண்டை நடந்தால் தழும்பு மிஞ்சும். பிறப்புறுப்பு ஹெர்பீஸில் புண் ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் தங்கும் சிடி4 செல்கள், எச்ஐவி நுழைய ஏற்ற வாசலாகிவிடுகின்றன. ஹெர்பீஸ் மாத்திரையைத் தினமும் கொடுத்து எச்ஐவி தொற்றைக் குறைக்கலாம் என்று நம்பி நடத்திய பெரிய சோதனைகள் 2008-இல் பலன் தராமல் போயின. மாத்திரை வைரஸை அடக்கினாலும் தோலில் கூடியிருந்த அந்தச் செல்கள் கலையவில்லை என்று அடுத்த வருடமே தெரியவந்தது. டி செல் சரியான இடத்தில், சரியான அளவில், சரியான நேரத்தில் இருக்க வேண்டும். அப்படி வைக்கும் மாத்திரையோ பொடியோ இதுவரை இல்லை.

சோதனை விஷயத்துக்கு வருகிறேன். ரத்தத்தில் டி செல் எண்ணிக்கை பார்ப்பது உங்கள் கேள்விக்கு விடை தராது. இவ்வளவு நேரம் நான் பேசிய செல்கள் உங்கள் உதட்டுத் தோலிலும் நரம்பு முடிச்சிலும் உட்கார்ந்திருக்கின்றன, ரத்தம் எடுத்தால் அவை ஊசியில் வராது. வருடத்துக்கு நான்கைந்து முறை வந்து, ஒன்று ஒன்றரை வாரத்தில் தானாக ஆறும் புண், டி செல்கள் வேலை செய்கின்றன என்பதற்கே அடையாளம். அவை உண்மையிலேயே குறைந்தவர்களிடம் புண் வேறு மாதிரி இருக்கும்: பெரிதாகப் பரவும், ஆழமாகும், ஒரு மாதம் தாண்டியும் ஆறாது. அப்படி ஒன்று வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள், எச்ஐவி உள்ளிட்ட சோதனைகள் தேவையா என்று அவர் முடிவு செய்வார். இப்போதைய நிலையில் தொந்தரவு அதிகம் என்று தோன்றினால் அசைக்ளோவிர் வகை மாத்திரை பற்றி அவரிடம் கேளுங்கள். அது உறங்கும் வைரஸைத் தொடாது, விழித்துப் பெருகும் வைரஸை மட்டும் நிறுத்தும். உதட்டில் குறுகுறுப்பு உணர்ந்த முதல் சில மணி நேரத்தில் எடுத்தால்தான் நன்றாக உதவும், ஏனென்றால் அதற்குப் பிறகு டி செல்களே வந்து வேலையைத் தொடங்கிவிட்டிருக்கும். கண் சிவந்து, வெளிச்சம் கூசி, வலியும் சேர்ந்தால் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் கண் மருத்துவரிடம் போங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீங்களாகப் போட்டுவிடாதீர்கள். வைரஸ் மருந்தின் துணை இல்லாமல் அதைப் போட்டால் டி செல்கள் அடங்கிவிடும், கருவிழியின் மேல்பரப்பில் வைரஸ் தடையில்லாமல் பரவும்.